இருநூற்றெட்டாம் கல்

எண்ணிக்கை சரியாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மேலாளர் அன்றைக்கு ஃபோனில் ஏழு தடவை இதைத்தான் சொன்னார். அதற்கு முன்னால் நானும் ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன். அந்த ஒரு தடவைக்காக என் வாயில் நானே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் போல இன்றைக்கும் இருக்கிறது.

நான் சுற்றுலா பஸ்ஸில் கைடு. பதினான்கு வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் அதே மலைச்சாலையில் ஏறி இறங்குகிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஆறாகும். பச்சை நிற பஸ். இடது பக்கம் ஒற்றை இருக்கைகள், வலது பக்கம் இரட்டை இருக்கைகள், மொத்தம் நாற்பது பேர். கையில் மைக், கழுத்தில் விசில், தோள்பையில் வாந்தி கவர், தலைவலி மாத்திரை, பயணிகளின் பேட்ஜில் பெயர் எழுதுவதற்கு ஒரு கறுப்பு மார்க்கர். என் தொழிலுக்கு வேண்டிய சாமான் இவ்வளவுதான்.

இன்னொரு வேலையும் உண்டு. எண்ணுவது. ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திக் கிளம்பும்போது முன்னாலிருந்து பின்னால் வரை இருக்கைகளைத் தட்டிக்கொண்டே போவேன். நாற்பது வந்தால் விசில் ஊதுவேன். வராவிட்டால் யாரோ ஒரு மகராசன் இன்னும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். முகத்தையெல்லாம் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் பேச்சுக் கொடுப்பார்கள், பேச்சுக் கொடுத்தால் நேரமாகும்.

அழகான சாலைதான், அதில் பொய் சொல்லக் கூடாது. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மரங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். மறுபக்கம் பள்ளத்தாக்கு, அதன் அடியில் மெல்லிய நூலாக ஆறு. மழை ஓய்ந்த காலைகளில் மேகம் பஸ் கண்ணாடியை உரசிக்கொண்டு போகும். நாற்பது பேரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எந்த வளைவில் என்ன பேச வேண்டும் என்று கம்பெனி எனக்கு வரிக்கு வரி அச்சடித்த தாள் கொடுத்திருக்கிறது. இருபத்திரண்டாம் வளைவில் நான் சொல்ல வேண்டியது இது: "இந்தப் பொறியியல் அதிசயத்துக்காக முன்னூற்றுப் பன்னிரண்டு உழைப்பாளிகள் தங்கள் உயிரை அர்ப்பணித்தார்கள். அவர்களின் நினைவாக அமைந்த எழில்மிகு பூங்காவில் நாம் இருபது நிமிடம் நிற்கப்போகிறோம். கழிப்பறை வசதி உண்டு."

அர்ப்பணித்தார்களாம்! பிடரியில் துப்பாக்கியை வைத்து வாங்கியதற்குப் பெயர் அர்ப்பணிப்பா? ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆட்சியில் இருந்தவர்கள், தங்களுக்கு ஆகாதவர்களையெல்லாம் பிடித்து லாரியில் ஏற்றி வந்து, இந்த மலையில் கொட்டகை போட்டு அடைத்து, பாறை உடைக்க விட்டார்கள். குளிரில் செத்தவர்கள் பாதி, வெடியில் செத்தவர்கள் மீதி. இருபத்திரண்டாம் வளைவில் கொஞ்சம் சமதரை இருந்தது. அங்கே வரிசையாகப் புதைத்து, நம்பர் எழுதிய கட்டையை நட்டுவிட்டு, மிச்சமிருந்தவர்களை இருபத்து மூன்றாம் வளைவுக்கு விரட்டினார்கள். ஆட்சி மாறிய பிறகு வந்தவர்களுக்கு வெட்கமாக இருந்ததோ என்னவோ, கட்டை இருந்த இடத்திலெல்லாம் கல் நட்டு, நம்பரும் பெயரும் செதுக்கி, சுற்றிலும் ரோஜாச் செடி வைத்துப் பூங்கா என்று பெயர் சூட்டிவிட்டார்கள். விஷயம் முடிந்தது.

தாளில் சிறை என்ற சொல் வரக் கூடாது. சாவு வரவே கூடாது. "டூர் வர்றவங்க சந்தோஷமா இருக்க வர்றாங்கம்மா, அவங்கள ஏன் அழ வைக்கிறே?" என்பார் மேலாளர். நானும் பதினான்கு வருஷமாகக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டு வந்தேன். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத்தான் திட்ட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏறும்போதே அந்தம்மா எனக்கு ஒரு தலைவலியாக வந்து சேர்ந்தார். அறுபத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, கக்கத்தில் ஒரு காக்கி உறை. பேட்ஜில் பெயர் எழுதச் சொல்லி மார்க்கரைக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்ததைப் பார்த்தால் ஓர் ஆணின் பெயர்.

"அம்மா, இதுல உங்க பேர எழுதணும்."

"தெரியும்."

"வீட்டுக்காரர் பேர எழுதிட்டீங்களா? பரவால்ல, வேற பேட்ஜ் தர்றேன்."

"நாப்பது வருஷம் கோர்ட்டுல டைப் அடிச்சவ நான். தப்பா எழுதிப் பழக்கமில்ல. அது எங்கப்பா பேரு. அதுதான் வேணும்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "சரி சரி, ஏறுங்க பதினேழு" என்றேன்.

படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே திரும்பினார். "என்னது, பதினேழா?"

"உங்க சீட் நம்பர்மா. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். நாப்பது பேரோட பேரும் எங்க ஞாபகம் இருக்கப்போகுது?"

"அதானே, எங்க இருக்கப்போகுது!" என்று சொல்லிவிட்டு ஏறினார். அதில் குத்தல் இருந்தது தெரிந்தது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை. நான்காவது வளைவு தாண்டிச் சிற்றுண்டிக்கு நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

டிரைவர் அண்ணனும் நானும் எப்போதும் பஸ்ஸின் நிழலில் நின்றபடிதான் டீ குடிப்போம். அண்ணன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தில் எட்டு, முந்திப் போகிற லாரிக்காரனைத் திட்டுவதற்கு. டைப்பிஸ்ட் அம்மா தன் டீயை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இருபத்திரண்டாம் வளைவுல எவ்வளவு நேரம் நிக்கும்?"

"இருபது நிமிஷம்மா."

"அரைமணி நிக்காதா?"

"நிக்காது. ரெண்டு மணிக்குப் படகு சவாரி இருக்கு. தப்பினா எல்லாரும் என்னைப் பிச்சு எடுத்துருவாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, மனு படிக்கிற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்.

"எங்கப்பா டெய்லர். பதினோரு ஸ்கூல் சட்டை தச்சு மூட்டையா கட்டிக்கிட்டு, குடுத்துட்டு வந்துடறேன்னு மத்தியானம் கிளம்பினார். அப்ப எனக்கு ஒம்பது வயசு. அன்னைக்குத்தான் முகாம்லேந்து ஒருத்தர் தப்பிச்சு ஓடியிருக்கார். சாயங்காலம் ஆள எண்ணுவாங்களாம். ஒருத்தர் கொறஞ்சா காவக்காரனுங்களுக்குத் தண்டனை. அதுக்காக ரோட்டுல போனவரப் புடிச்சு வரிசையில நிறுத்திட்டானுங்க. ஓடினவர் நம்பர் இருநூத்தெட்டு. இனிமே நீதான் இருநூத்தெட்டு, அவன் பேருதான் உன் பேருன்னுட்டானுங்க. எண்ணிக்கை சரியாப்போச்சு."

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் மாதம் வெடி வைத்த பாறை சரிந்து அவர் இறந்துபோனார். இருநூற்றெட்டு என்று கட்டை நட்டார்கள். பிற்பாடு கல் வைத்தபோது பதிவேட்டைப் பார்த்து, ஓடிப்போனவரின் பெயரைச் செதுக்கினார்கள். அந்த ஆள் உயிரோடு எங்கோ தூரத்தில், வேறு பெயரில், ஒரு பேக்கரியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். முகாமில் டெய்லரோடு கூட இருந்த கைதி ஒருவர் மூலமாக விஷயம் தெரிந்து, தேடிப்பிடித்து, தள்ளாத வயதில் இந்த அம்மாவின் வீட்டுக்கு வந்தாராம்.

"தண்ணி குடுத்தேன், குடிக்க முடியல அவரால. 'என் பேர்ல உங்கப்பா வேலை செஞ்சார், என் பேர்லயே செத்தார்'னார். எங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? அப்பறம் சொன்னார், அந்த டெய்லர் சட்டைக் காலர்ல எப்பவும் ஒரு ஊசி குத்தியிருக்குமாம், கூட இருந்தவங்க கிழிசலையெல்லாம் அதுலதான் தச்சுக் குடுத்தாராம். எங்கம்மா தெனமும் அதுக்குத்தான் அவரோட சண்டை போடுவாங்க. குழந்தைங்க மேல குத்திரும், எடுத்து வைங்கன்னு."

காக்கி உறையிலிருந்து ஒரு கடிதத்தை உருவி என் கையில் கொடுத்தார். பத்தொன்பது மனு தன் கையாலேயே டைப் அடித்து அனுப்பியிருக்கிறார். பத்தொன்பதுக்கும் ஒரே பதில். பதிவேட்டின்படி முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், முன்னூற்றுப் பன்னிரண்டு கற்கள், எண்ணிக்கை சரியாக உள்ளது, மேல் நடவடிக்கை தேவையில்லை. இன்னொரு கல் வைத்தால் ஒன்று கூடிவிடும். சரி, இருக்கிற கல்லில் பெயரை மாற்றுங்கள் என்றால், அந்தப் பெயருக்குரியவர் முகாமில் சாகவில்லை என்பதற்கு அவரே நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். அவர் போனார். போனவரிடம், நீங்கள்தான் ஏற்கெனவே இறந்துவிட்டீர்களே, உங்கள் சாட்சி எப்படிச் செல்லும் என்று கேட்டிருக்கிறார்கள்! எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் நிஜமாகவே இறந்தார். அதோடு கோப்பை மூடிவிட்டார்கள்.

"இப்ப என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டேன்.

கழுத்தில் தொங்கிய பேட்ஜைத் தொட்டுக் காட்டினார். "இத அந்தக் கல்லுல மாட்டப்போறேன். தனி வண்டிய உள்ள விட மாட்டாங்களாமே, அதான் உங்க டூர்ல வந்தேன். ஒரு தடவையாவது எங்கப்பா பேரு அவர் தலைமாட்டுல இருக்கணும். என் இதயத்தப் பத்தி டாக்டர் சொல்றதப் பார்த்தா, இன்னொரு தடவை இந்த மலை ஏறுவேன்னு தோணல."

அப்போதும் நான் என்ன செய்தேன்? விசில் ஊதினேன். எண்ணினேன். நாற்பது.

பூங்காவில் எங்கள் கம்பெனியின் இரண்டாவது வண்டியும் வந்து சேர்ந்துகொண்டது. அதே பச்சை, அதே திரைச்சீலை. கூட்டமான நாட்களில் இரண்டு வண்டி விடுவார்கள். நான் மைக்கில் அர்ப்பணித்தார்கள் என்று ஒப்பித்து முடித்தேன். எல்லோரும் இறங்கிப் போனார்கள். புதுமணத் தம்பதி ஒன்று நூற்றுப் பத்தாம் கல்லில் சாய்ந்துகொண்டு படம் எடுத்தது. ஒருவர் கல்லின் மேல் காலை வைத்துச் செருப்பு வாரை மாட்டினார். ரோஜா நன்றாகப் பூத்திருக்கிறது, என்ன உரம் என்று ஓர் அம்மா காவலாளியைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் ஆனதும் விசில். பயணிகள் ஏறினார்கள். தட்டிக்கொண்டே போனேன். நாற்பது. "போலாம் ரைட்" என்றேன். பஸ் கிளம்பியது.

முக்கால் மணி நேரம் கழித்து அருவிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பதினேழாம் இருக்கையில் ஒரு மீசைக்காரர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கணம் புரியவே இல்லை. பேட்ஜைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது வண்டி, சீட் பதினேழு.

தட்டி எழுப்பினேன். "சார், இது உங்க வண்டியில்ல!"

"பச்சை பஸ், பதினேழாம் சீட்டு. கரெக்டாத்தான் வந்து உக்காந்தேன்" என்றார், கொட்டாவியோடு. "காலியா வேற இருந்துச்சு."

இறங்கி ஓடிப்போய் மேலாளருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "எப்படிம்மா விட்டுட்டு வந்தே?" என்று அவர் கத்தினார். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது.

"எண்ணிக்கை சரியாத்தான் சார் இருந்துச்சு."

எதிர்முனையில் சட்டென்று குரல் இளகியது. "சரியா இருந்துச்சா? உன் வண்டியில நாப்பது இருக்குல்ல?"

"இருக்கு சார், ஆனா..."

"அப்ப என்ன பிரச்சனை? அந்த அம்மாவ ரெண்டாவது வண்டியில ஏத்தச் சொல்றேன். அங்க ஒரு ஆள் கொறையுது, இவங்க ஏறினா நாப்பது. ரெண்டு வண்டியிலயும் எண்ணிக்கை சரி. சாயங்காலம் எறங்கும்போது பையை மாத்திக்கட்டும். நீ பாட்டுக்குப் படகுக்குப் போ."

ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவர் தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி, இந்த வண்டியில் நாற்பது, அந்த வண்டியில் நாற்பது, எண்ணிக்கை சரி, எண்ணிக்கை சரி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் டீக்கடையில் கேட்டது அப்போதுதான் எனக்குள் முழுசாக இறங்கியது. ஆள் குறைகிறதா, எவரையாவது பிடித்து நிறுத்து. யாராக இருந்தால் என்ன? ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காவல்காரன் செய்த வேலையை, துப்பாக்கி இல்லாமல், மைக்கும் விசிலும் வைத்துக்கொண்டு நான் செய்துவிட்டு நிற்கிறேன். அதுவும் அந்த டெய்லரின் மகளுக்கே.

"அவங்க என்ன மூட்டையா சார், அந்த வண்டியில ஏத்தி எண்ணிக்கைய சரிக்கட்ட?" என்றேன். "நான் திரும்பிப் போறேன்."

"படகு?"

"படகு எங்கயும் போயிடாது. தண்ணியிலதான் கெடக்கும்."

ஃபோனை அணைத்தேன். டிரைவர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "அண்ணே, திருப்ப முடியுமா?" என்றேன். அவர் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துதான் பதில் சொன்னார். "இவ்வளவு நேரம் ஏன் ஃபோன்ல பேசிக்கிட்டு இருந்தே?" அன்றைய கணக்கில் பாதி வார்த்தையை அதற்கே செலவழித்துவிட்டார்.

பஸ் திரும்பியதும் உள்ளே ஒரே கூச்சல். புது மாப்பிள்ளை படகுக்கு என்ன கதி என்றார். ரோஜா அம்மா மாத்திரை சாப்பிடும் நேரம் தப்பிவிடும் என்றார். மீசைக்காரர் மட்டும், தன்னால் வந்த வினை என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். நான் மைக்கை எடுத்தேன். தாளை எடுக்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றேன். பதினான்கு வருஷத்தில் பயணிகளிடம் இப்படிப் பேசியதில்லை. "நீங்க படம் புடிச்சுக்கிட்டே வந்தீங்களே, இந்த ரோடு, இத யாரும் அர்ப்பணிக்கல. ஆளுங்கள அடிச்சு இழுத்துட்டு வந்து போட வெச்சாங்க. காலையில நான் சொன்னது பொய்." பிறகு டெய்லரின் கதையைச் சொன்னேன். சட்டை மூட்டை, காலர் ஊசி, பத்தொன்பது மனு, எல்லாவற்றையும். அவருடைய மகளை நான் எப்படி விட்டுவிட்டு வந்தேன் என்பதையும் சொன்னேன். நூற்றுப் பத்தாம் கல்லில் சாய்ந்து படம் எடுத்த அந்தப் புதுப்பெண் ஃபோனை எடுத்து எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

பூங்காவில் அதற்குள் ஒரு சின்ன யுத்தமே நடந்துகொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அம்மா இருநூற்றெட்டாம் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வண்டியின் கைடு அவருக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். காவலாளியின் கையில் அந்த பேட்ஜ் இருந்தது. கல்லில் எதையும் தொங்கவிடக் கூடாது என்று விதி இருக்கிறதாம். சாய்ந்து படம் எடுக்கலாம், செருப்புக் காலை வைக்கலாம், அதற்கு விதி ஏதும் இல்லை.

"அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றான் அந்தப் பையன். "என் வண்டியில எடம் இருக்கு, ஏறுங்கம்மான்னா ஏற மாட்டேங்கறாங்க. மேலாளர் வேற கத்தறார்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "இன்னொருத்தர் எடத்துல என்னை வெச்சு எண்ணிக்கைய சரிபண்ணலாம்னு பாக்கறாங்க. எங்கப்பா அப்படி ஏறிப் போனவர்தான். நான் ஏற மாட்டேன். என்னை விட்டுட்டுப் போனது யாரோ, அவங்க வந்து கூட்டிட்டுப் போகட்டும்னு உக்காந்திருக்கேன்."

"வந்துட்டேம்மா" என்றேன். அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். "காலையில சொன்னீங்க. காதுல வாங்கியும் வாங்காம போயிட்டேன். என்னை நாலு வார்த்தை திட்டிருங்க."

"திட்டறது இருக்கட்டும். அந்த பேட்ஜ வாங்கிக் குடு."

காவலாளியிடம் கையை நீட்டினேன். அவர் நல்ல மனுஷர்தான், அறுபதை நெருங்குகிறவர், ஒல்லியாக, சீருடை தொளதொளவென்று இருந்தது. "மாட்டினா கழட்டித்தான் ஆகணும்மா. என் வேலை போயிரும்" என்றார்.

பேட்ஜை வாங்கி அந்தம்மாவிடமே கொடுத்தேன். என் பையைத் திறந்து மார்க்கரை எடுத்தேன். "தொங்கவிடத்தானே கூடாது?" என்றேன். "எழுதக் கூடாதுன்னு விதி இருக்கா?"

காவலாளி தலையைச் சொறிந்தார். "எழுதுவாங்கன்னு யாருக்கும் தோணியிருக்காது."

மார்க்கரை அந்தம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தன் கையை விரித்துக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "கோணலா வந்துரும். கோணலா வந்தா எனக்குப் புடிக்காது. நீயே எழுது, நான் சொல்றேன்."

அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். செதுக்கியிருந்த பெயருக்குக் கீழே நான் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். கல் சொரசொரவென்று இருந்ததால் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது இருக்க வேண்டிய இடம் அந்தக் கல். பெயருக்குக் கீழே 'டெய்லர்' என்றும் எழுதச் சொன்னார். எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் என் பஸ் மொத்தமும் இறங்கி வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தது. மீசைக்காரர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டைப் அடித்த தாளைச் சரிபார்ப்பது போல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். "மூணாவது எழுத்து கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார். பிறகு கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, வெகுநேரம் எடுக்கவே இல்லை. நான் விசிலைத் தொடவில்லை.

"நீங்க போனதும் நான் அழிச்சிருவேன்மா" என்றார் காவலாளி மெதுவாக. "தப்பா நெனைக்காதீங்க."

"அழிங்க. அது உங்க வேலை" என்றேன். "வெள்ளிக்கிழமை வருவேன். இது என் வேலை."

மீசைக்காரர் தன் வண்டிக்குப் போனார். என் வண்டியில் எல்லோரும் ஏறியதும் நான் இருக்கைகளைத் தட்டவில்லை. பட்டியலை எடுத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். நாற்பது பெயருக்கு நான்கு நிமிடம்தான் ஆனது. இந்த நான்கு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் பதினான்கு வருஷம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்!

படகு தப்பிப்போனது. என்னை வேலையிலிருந்து தூக்குவதற்கு மேலாளர் கடிதமே தயார் செய்துவிட்டார். ஆனால் அதற்குள், அன்றைக்கு வந்த பயணிகள் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று கம்பெனி முதலாளிக்குப் போயிருந்தது. இந்தக் கைடை வேலையிலிருந்து எடுத்தால் பூங்காவின் முழுக் கதையையும் ஊர் அறியச் செய்வோம் என்று பணிவாக எழுதியிருந்தது. யார் டைப் அடித்தது என்று சொல்ல வேண்டுமா? ஓர் எழுத்துப்பிழை கிடையாது. தாளை இப்போது நான் தொடுவதில்லை. அதைப் பற்றி மேலாளர் கேட்பதுமில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். சுத்தமாக அழித்திருந்தார்கள். எழுதினேன். செவ்வாய் போனேன், அழித்திருந்தார்கள், எழுதினேன். மழைக்காலம் முழுக்க இதே வேலை. மூன்று மார்க்கர் தீர்ந்தது. நான்காவதை டிரைவர் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் என் பையில் போட்டார். ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காவலாளி வாளியும் கம்பி பிரஷ்ஷுமாக என்னை வழியிலேயே பிடித்துக்கொண்டார்.

"வந்து பாருங்க. இது போக மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து, மேலே செதுக்கியிருந்த அரசாங்கப் பெயரின் கறுப்புச் சாயம் மொத்தமும் போய்விட்டது. கிட்டத்தில் குனிந்து பார்த்தால்தான் அங்கே ஒரு பெயர் இருப்பதே தெரியும். நான் எழுதியதோ, சொரசொரப்புக்குள் இறங்கி, சாம்பல் நிறத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"மேலிடத்துக்கு எழுதிப் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கல்ல எண்ணிப் பார்த்து ரிப்போர்ட் அனுப்பச் சொன்னாங்க. முன்னூத்திப் பன்னெண்டுதான் இருக்குது. சரியா இருக்குன்னு அனுப்பிட்டேன்" என்றார் அவர். பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுவிட்டு ரோஜாச் செடிப் பக்கம் போய்விட்டார்.

அந்தம்மாவால் இப்போது படி ஏற முடிவதில்லை. ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் நான் பூங்காவிலிருந்து கிளம்பும் நேரம் பார்த்து ஃபோன் செய்வார். அன்றைக்கும் செய்தார்.

"அப்பா இருக்காரா?"

"இருக்கார்மா. இனிமே போக மாட்டார். அழிச்சுப் பார்த்தும் போகல."

நான் ஃபோனை வைக்கவில்லை. டிரைவர் அண்ணனும் வண்டியைக் கிளப்பவில்லை.

"அந்த மூணாவது எழுத்து" என்றார் கடைசியில், "இன்னும் எறங்கித்தான் இருக்கா?"